பாட் வாங்கும் முன் பாடநூலைத் திறந்து பாருங்கள்

கேள்வி: சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயங்கும் தொலைநிலைக் கல்வி உதவி மையத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளர். பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. தமிழ், எம்.ஏ. வரலாறு என்று 640 பேர் படிக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டை தறி, ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஃபேக்டரி என்று பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் இருந்து மட்டும் 40 பேர். சனி, ஞாயிறில் நேரடி வகுப்பு நடக்கிறது. மற்ற நாளில் போன் எடுக்க இரண்டே ஊழியர்கள்தான். ஒரு நிறுவனத்தார் வந்து, 'பாடநூல் பிடிஎஃப்களைக் கொடுங்கள், ஒரே வாரத்தில் 24 மணி நேரமும் தமிழில் பதில் சொல்லும் ஏஐ பாட் தயார்' என்கிறார்கள். அசைன்மென்ட்டையும் அதுவே திருத்துமாம், ஏஐ எழுதிக் கொடுத்ததையும் அதுவே கண்டுபிடிக்குமாம். போன செமஸ்டரில் எழுபது அசைன்மென்ட்டுகள் ஒன்றுபோலவே இருந்தன, அதனால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கட்டணம் லட்சங்களில் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மூன்று சரக்கை ஒரே பொட்டலமாகக் கட்டி உங்களிடம் நீட்டியிருக்கிறார்கள். பிரித்துப் பாருங்கள். சந்தேகம் தீர்க்கும் பாட் வைக்கலாம், ஆனால் ஒரு வாரத்தில் ஆகாது, 640 பேருக்கும் ஒரே நாளில் திறக்கவும் கூடாது. அசைன்மென்ட் திருத்தும் கருவி இப்போது வேண்டாம். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி எப்போதுமே வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, போனிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஒவ்வொரு கேள்வியையும் மாணவர் கேட்ட அதே சொல்லில் எழுதிவையுங்கள். 'ஹால்டிக்கெட் எப்ப சார் வரும்', 'குட்வில் எந்தப் பக்கம் போடணும்', 'சர்டிபிகேட்ல அப்பா பேரு தப்பா இருக்கு' என்று அப்படியே. திருத்தமான தமிழில் மாற்றி எழுதிவிட்டால் அந்த நோட்டு பயன்படாது. பின்னால் பாட்டைச் சோதிக்கும்போது இதுதான் உங்கள் வினாத்தாள்.

இரண்டு வாரத்தில் கேள்விகள் தாமாகவே மூன்று கூறாகப் பிரியும். தேதி, கட்டணம், ஹால்டிக்கெட், டெப் ஐடி (தொலைநிலைப் படிப்பில் சேரப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் தளத்தில் பெறும் அடையாள எண்) பற்றியவை ஒரு கூறு. பாடச் சந்தேகம் இன்னொன்று. மாணவரின் தனிப்பட்ட சிக்கல் மூன்றாவது. முதல் கூறுக்கு ஏஐயே தேவையில்லை. ஒரு பக்கத்தில் தேதிகளைப் போட்டு, வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில்களாக ஏற்றிவிட்டால் போன் மணி கணிசமாகக் குறையும். பின்னால் பாட் வந்தாலும் தேதியையும் தொகையையும் அது சொந்தமாக வாக்கியம் அமைத்துச் சொல்லக் கூடாது. நீங்கள் கையால் நிரப்பிய அட்டவணையில் இருந்து எடுத்து அப்படியே காட்ட வேண்டும். மொழி மாதிரி என்பது அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோக்கும் இயந்திரம். போன வருடச் சுற்றறிக்கை அதன் கையில் இருந்தால், போன வருடக் கடைசித் தேதியை இந்த வருடத் தேதியைப் போலவே உறுதியான குரலில் சொல்லும். அதை நம்பி ஒருவர் கட்டணம் கட்டத் தவறினால், 'பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று சொல்லித் தப்ப முடியாது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதள பாட் கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்ன வழக்கில், 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

இனி பாடச் சந்தேகம். வேலை அதிகம் இங்கேதான். விற்க வருபவர்கள் பேசாமல் விடுவதும் இதைத்தான்.

இந்த வகை பாட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். பாடநூலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பொருளையும் எண்வரிசையாக மாற்றி வைத்துக்கொள்வார்கள். மாணவர் கேட்கும் கேள்வியும் அப்படியே எண்வரிசையாகும். கேள்விக்கு மிக நெருக்கமான நாலைந்து துண்டுகளைத் தேடி எடுத்து, 'இதில் உள்ளதை மட்டும் வைத்துப் பதில் சொல்' என்று மொழி மாதிரியிடம் கொடுப்பார்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். உங்கள் சட்டியில் என்ன இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பாடநூல் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் நல்லது. 'தமிழ்' என்று அச்சாகியிருக்கும் இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். எல்லாக் கணினியும் ஒன்றுபோலப் படிக்கும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010இல். அதற்கு முன்பும் அதன் பிறகு சில ஆண்டுகளும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோத்த பாடநூல்கள் பல மையங்களில் இன்னும் புழக்கத்தில் உள்ளன. நம் கண்ணுக்கு அவை அழகான தமிழ். இயந்திரத்துக்கு வெறும் எழுத்துக் குப்பை. அந்த பிடிஎஃப்பை அப்படியே கொடுத்தால், பாட் உங்கள் பாடநூலில் எதையும் கண்டுபிடிக்காது. தன் பொது அறிவில் இருந்து எதையோ சொல்லும். டெமோவில் அதுவும் சரளமாகத்தான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பழைய எழுத்துரு என்றால் முதலில் அது எது என்று பாருங்கள். பிடிஎஃப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியல் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள் பாமினிக்கு ஒன்று, வானவில்லுக்கு வேறு, டாம் எழுத்துருவுக்கு வேறு. வணிகவியல் நூல்களில் இன்னொரு கண்ணி உண்டு. நடுநடுவே ஜிஎஸ்டி, டெபிட், கிரெடிட் என்று ஆங்கில எழுத்திலேயே வரும் சொற்களையும் அந்த மென்பொருள் பாமினி என்றே நினைத்து உருமாற்றிவிடும். ஆகவே முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாமல், தமிழ் எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றச் சொல்லுங்கள். மூலக் கோப்பு பல்கலைக்கழகத்திடம் இருந்தால் இது எளிது, பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால் கடினம்.

ஸ்கேன் படம் என்றால் ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்தில் உள்ள எழுத்தை மென்பொருளால் உரையாக மாற்ற வேண்டும். தெளிவு 300 டிபிஐக்குக் குறையாமல், பக்கம் சாயாமல் ஸ்கேன் செய்யுங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலே தமிழ் ஓரளவு நன்றாக வரும். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளும் இலவசம். எதில் செய்தாலும் ஒரே வகைத் தவறுகள்தான் திரும்பத் திரும்ப வரும். அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே உரு. அதனால் 'வரவு' என்பது 'வாவு' ஆகிவிடும். 'ஊதியம்' என்பது 'உளதியம்' ஆகும். கணக்கியல் நூலில் வரவு எத்தனை நூறு இடத்தில் வரும் என்று எண்ணிப் பாருங்கள். மாணவர் 'பற்று வரவு விதி' என்று கேட்பார், நூலிலோ 'பற்று வாவு' என்றுதான் இருக்கும். இத்தகைய சொற்களைப் பட்டியலிட்டு முதலில் தேடி மாற்றிவிடுங்கள், பிறகு ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கட்டும். கண்ணுக்கே தெரியாத தவறும் ஒன்று உண்டு. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடுபொறிக்கு வேறு வேறு. யூனிகோடு என்எஃப்சி முறையில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி தொழில்நுட்பக்காரரிடம் சொல்லுங்கள், ஒரு வரி நிரல்தான்.

அட்டவணைகளைக் கையால் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. இருப்புநிலைக் குறிப்பை ஓசிஆர் படிக்கும்போது இடப்பக்கப் பொறுப்பும் வலப்பக்கச் சொத்தும் ஒரே வரியில் சேர்ந்துவிடும், தொகை ஒரு பக்கம், தலைப்பு ஒரு பக்கம் போய்விடும். 'கடனீந்தோர் எவ்வளவு' என்று கேட்டால் பாட் கட்டடத்தின் மதிப்பைச் சொல்லும்.

இந்த வேலைக்கு நேரம் எவ்வளவு? பக்கத்துக்கு 6 முதல் 8 நிமிடம் என்று வைத்தால், 200 பக்க நூலுக்கு 20 முதல் 27 மணி நேரம். நான்கு படிப்புகளின் எல்லாத் தாள்களையும் எடுத்தால் உங்கள் இரண்டு ஊழியர்களும் ஓய்ந்துவிடுவார்கள். ஒரே ஒரு தாளை எடுங்கள். உங்கள் நோட்டில் எந்தத் தாளின் கேள்விகள் அதிகமோ அதுதான் அந்தத் தாள். பெரும்பாலும் பி.காம். முதல் செமஸ்டர் நிதிக் கணக்கியலாகத்தான் இருக்கும். கை வைக்கும் முன் பல்கலைக்கழகத்திடம் எழுத்து வழி அனுமதி வாங்குங்கள். பாடநூலின் உரிமை அவர்களுடையது, உதவி மையம் அதை வெளி நிறுவனத்திடம் தூக்கிக் கொடுக்க முடியாது. பல மையங்கள் இந்த இடத்தில் அவசரப்படுகின்றன.

நூல் சுத்தமானபின் வெட்டும் முறையைக் கேளுங்கள். இத்தனை எழுத்துக்கு ஒரு வெட்டு என்று கண்ணை மூடி வெட்டினால், தேய்மானத்தின் வரையறை ஒரு துண்டிலும் எடுத்துக்காட்டுக் கணக்கு இன்னொன்றிலும் போய்விடும். துணைத்தலைப்பு வாரியாக, 300 முதல் 400 சொல்லுக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் அலகு, தலைப்பு, பக்க எண் ஒட்டச் சொல்லுங்கள். கணக்கும் அதன் தீர்வும் எவ்வளவு நீளமானாலும் ஒரே துண்டில் இருக்கட்டும். பாட் சொல்லும் ஒவ்வொரு பதிலின் அடியிலும் 'அலகு 2, பக்கம் 47' என்று வர வேண்டும். பக்க எண் இல்லாத பதிலை மாணவருக்குக் காட்டவே கூடாது.

கூடவே ஒரு சொற்பட்டியல் வேண்டும், 150 முதல் 200 சொல் போதும். நூலில் பேரேடு, குறிப்பேடு, இருப்பாய்வு, நற்பெயர், தேய்மானம். மாணவர் வாயில் லெட்ஜர், ஜர்னல், டிரையல் பேலன்ஸ், குட்வில், டிப்ரிசியேஷன், அதுவும் பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். இந்த இணைகளை உங்கள் கணக்கியல் ஆசிரியர் இரண்டு மாலைப்பொழுதில் எழுதிவிடுவார். எந்த நிறுவனத்தின் மென்பொருளாலும் அவர் அளவுக்கு இதைச் செய்ய முடியாது.

சோதனைக்கு உங்கள் நோட்டில் இருந்து 50 கேள்வி எடுங்கள். 30 நூலில் நேரடி விடை உள்ளவை. 10 அரைகுறையாக, குழப்பமாகக் கேட்டவை. 10 நூலில் இல்லவே இல்லாதவை. ஆசிரியர் விடைகளைத் திருத்தட்டும். முப்பதில் 27ஆவது சரியான பக்க எண்ணோடு சரியாக இருக்க வேண்டும். குழப்பமான பத்தில், ஊகித்துச் சொல்லாமல் 'நீங்கள் கேட்பது இதுவா, அதுவா' என்று திருப்பிக் கேட்க வேண்டும். கடைசிப் பத்துக்கு 'இது பாடநூலில் இல்லை, வகுப்பில் கேளுங்கள்' என்ற பதில் மட்டுமே வர வேண்டும். அந்தப் பத்தில் ஒன்றே ஒன்றுக்குக் கட்டிச் சொன்னாலும் திறக்காதீர்கள். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்திடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, எந்த மொழி மாதிரி பின்னால் இருக்கிறது என்று கேளுங்கள். இந்த மாதிரிகள் சொல்லைத் துணுக்குகளாக உடைத்து, துணுக்குக் கணக்கில் காசு வாங்குகின்றன. தமிழ் அதிகமாக உடையும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மொழி மாதிரி வெளியானபோது, முன்பு 116 துணுக்கான அதே தமிழ் வாசகம் 35ஆகக் குறைந்ததாக ஓப்பன்ஏஐ காட்டியது. பழைய மாதிரியை வைத்துக்கொண்டு பழைய செலவைக் கணக்கிட்டு விலை சொல்கிறார்களா என்பது இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். ஆண்டுச் சந்தாவைவிட, கேட்ட கேள்விக்கு இவ்வளவு என்ற கணக்கே ஒரு தாளுக்குப் பொருத்தம்.

அசைன்மென்ட்டுக்கு வருவோம். கண்டுபிடிக்கும் கருவி வேண்டவே வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதாது என்று அதே ஜூலையில் மூடிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அக்கருவிகள் ஏஐ என்றன. காரணம் எளிமை. அறிந்த சொற்களை வைத்து நேரான வாக்கியத்தில் எழுதினால் அவற்றுக்கு இயந்திரம் போலத் தெரிகிறது. தமிழ்வழியில் படித்து, பட்டறை வேலை முடிந்து வந்து, தெரிந்த ஆங்கிலத்தில் மெனக்கெட்டு எழுதும் உங்கள் மாணவர் எழுதுவது அப்படித்தான் இருக்கும். நேர்மையாக எழுதியவரைத் திருடன் என்று சொல்வதைவிடப் பெரிய தீங்கை ஒரு கல்வி மையம் செய்துவிட முடியாது. 2018ஆம் ஆண்டு யூஜிசி விதிகளில் வரும் ஒப்புமைச் சதவீதத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு. ஏஐ எழுதியதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எழுபதும் ஒன்றுபோல வந்ததற்குக் கேள்விதான் காரணம். 'தேய்மானம் கணக்கிடும் முறைகளை விளக்குக' என்றால் எந்த ஏஐயும் ஒரு நொடியில் கொடுக்கும். முன்பு கைடில் பார்த்து எழுதினார்கள், இப்போது இதில். கேள்வியை மாற்றுங்கள். 'நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் உள்ள ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விலை, ஆண்டு, இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று உரிமையாளர் சொல்வது ஆகியவற்றைக் குறியுங்கள். நேர்க்கோட்டு முறையிலும் குறைந்துசெல் மதிப்பு முறையிலும் மூன்றாண்டுத் தேய்மானம் போட்டு, அந்த இடத்துக்கு எது பொருத்தம் என்று காரணத்தோடு எழுதுங்கள்.' கொலுசுப் பட்டறையில் கம்பி இழுக்கும் மெஷின் 80,000 ரூபாய், 10 சதவீதம் என்றால், நேர்க்கோட்டில் ஆண்டுக்கு 8,000, மூன்றாண்டு முடிவில் மதிப்பு 56,000. குறைந்துசெல் முறையில் 8,000, 7,200, 6,480, மீதி 58,320. கணக்கை ஏஐ போட்டுத் தரலாம், தரட்டும். அந்த மெஷினின் எந்த பாகம் முதலில் தேயும், இரண்டாம் ஆண்டில் ஏன் ரிப்பேர் செலவு ஏறியது என்பது அந்தப் பட்டறையில் நிற்பவருக்கே தெரியும். மதிப்பெண்ணில் பாதியை அந்தக் காரணப் பகுதிக்கு வையுங்கள். 'எங்கே ஏஐ பயன்படுத்தினேன்' என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், எழுதியதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.

பிறகு ஐந்து நிமிட வாய்மொழி. 640 பேருக்கும் என்றால் 53 மணி நேரம் ஆகும், முடியாது. குலுக்கலில் ஐந்தில் ஒருவர் என்றால் 128 பேர், பதினொரு மணி நேரத்துக்குள் அடங்கும், இரண்டு ஞாயிறு போதும். யார் அழைக்கப்படுவார் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லோரும் தங்கள் விடையைப் படித்துவிட்டே வருவார்கள்.

திருத்தும் கருவி வேண்டாம் என்றதும் இதை ஒட்டியதுதான். யூஜிசியின் 2020 விதிமுறைகளில் தொடர் மதிப்பீட்டுக்கு உச்சம் 30 சதவீதம், செமஸ்டர் தேர்வுக்குக் குறைந்தது 70. ஆகவே அசைன்மென்ட்டின் பெரும்பயன் மதிப்பெண்ணில் இல்லை, 'இங்கே தப்பு, இப்படிச் செய்' என்று ஆசிரியர் எழுதும் இரண்டு வரியில்தான். கைப்பேசியில் எடுத்த கையெழுத்துப் படத்தைத் தவறாகப் படித்து, நீளமாக எழுதியவருக்குக் கூடப் போட்டு, ஏன் குறைத்தாய் என்று கேட்டால் புதிதாக ஒரு காரணம் சொல்லும் கருவியிடம் அதை விடாதீர்கள். ஒரே கணக்கை வெவ்வேறு தொகைகளில் நாற்பது வடிவமாக்கவும், அடிக்கடி வரும் தவறுகளுக்கு விளக்கக் குறிப்பு வரைவு எழுதவும் ஆசிரியர் ஏஐயைப் பயன்படுத்தட்டும். விடைகளை மட்டும் எக்செலில் கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கூட்டலில் அது வழுக்கும்.

இடையில் நின்றுவிடக்கூடியவர்களை முன்கூட்டியே காட்டும் 'கணிப்பு' வசதியும் பொட்டலத்தில் இருந்தால் அதற்குப் பணம் தர வேண்டாம். இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டி இதைப் பல்லாயிரம் மாணவர்களின் தரவை வைத்து ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்தது. அங்கும் வலுவான அறிகுறிகளில் ஒன்று, முதல் அசைன்மென்ட்டை அனுப்பாமல் விடுவது. கடைசித் தேதிக்கு மறுநாள் காலை எக்செலில் ஃபில்டர் போட்டு, அனுப்பாதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்.

ஏற்காட்டு நாற்பது பேருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மலைச்சரிவின் ஒரு பக்கம் சிக்னல் இருக்கும், வளைவு திரும்பினால் இருக்காது. செயலி பதிவிறக்கச் சொல்லாமல் எழுத்து வடிவில் வாட்ஸ்அப்பிலேயே பாட் இயங்கட்டும். அலகுக்கு ஐந்தாறு ஒலிப்பதிவுகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். 32 கேபிபிஎஸ்ஸில் சேமித்தால் ஒன்று 1.2 எம்பிதான். பேருந்து நிலையத்துக்கு இறங்கும்போது ஒரு செமஸ்டருக்கானதை இறக்கிக்கொள்ளலாம். ஆசிரியர் குரலிலேயே பதியுங்கள். குரலில் கேள்வி கேட்கும் வசதியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே, ஆங்கிலச் சொல் கலந்த தமிழில் பேசினால் எழுத்தாக்கம் தடுமாறும். 'இருப்பாய்வு' என்பது 'இருப்பாவு' ஆகிவிட்டால் தேடல் அங்கேயே தோற்றுவிடும்.

தரவுச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆதார், மதிப்பெண், போன் எண் எதையும் பாட்டுக்குள் ஏற்ற வேண்டாம், பாடநூல் மட்டும் போதும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. பிளஸ் டூ முடித்து நேராக வந்தவர்களில் 17 வயதினர் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வாங்குங்கள். கேள்விப் பதிவுகள் மையத்துக்கே சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் திருப்பித் தந்து அழிக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மீதி இருப்பது மூன்றாவது கூறு, தனிப்பட்ட சிக்கல். 'படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்', 'வீட்ல வேணாங்கறாங்க', 'ஃபீஸ் கட்ட முடியல' போன்ற பேச்சு வந்தால் பாட் பதிலே சொல்லாமல், 'எங்கள் மையத்திலிருந்து இன்றே கூப்பிடுவார்கள்' என்று ஒரு வரி போட்டு, ஊழியரின் போனுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். உங்கள் நோட்டில் உள்ள இத்தகைய வாக்கியங்களையே எடுத்து அடையாளச் சொற்களாகக் கொடுங்கள். அந்தத் தகவல் இரவு பத்து மணிக்கு வந்தாலும் மறுநாள் காலை யார் கூப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை யார் முறை என்று இரண்டு ஊழியர்களுக்கும் இப்போதே அட்டவணை போட்டுவிடுங்கள். பாட்டைத் திறக்கும் நாளில் அந்த அட்டவணை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.